ஒயர் இல்லாத எச்டிஎம்ஐ: வேலூர் வீட்டுச் சுவரைத் தாண்டுமா?

செட்டாப் பாக்ஸையும் டிவியையும் இணைக்கும் எச்டிஎம்ஐ ஒயர் இல்லாமலேயே, படத்தையும் சத்தத்தையும் இன்னொரு ரூம் டிவிக்குக் காற்றில் அனுப்பும் கருவி இது. அதன் அட்டைப் பெட்டியில் 200 மீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். சத்துவாச்சாரியிலோ காந்தி நகரிலோ ஒரு சாதாரண இரண்டு பெட்ரூம் வீட்டில், ஹால் டிவியிலிருந்து கடைசி ரூம் வரை டேப் பிடித்தால் பத்து மீட்டர் வந்தாலே பெரிது. ஆனாலும் நடுவில் இரண்டு சுவரும் ஒரு இரும்பு பீரோவும் நின்றுவிட்டால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, கொஞ்ச நேரத்தில் இணைப்புக்குக் காத்திருக்கச் சொல்லும் திரை வந்து உட்கார்ந்துகொள்ளும். அட்டையில் போட்டது பொய் என்று சொல்லிவிட முடியாது. அது வெட்டவெளிக் கணக்கு, அவ்வளவுதான்.

இங்கே பார்க்கப்போவது 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் டிரான்ஸ்மிட்டர் (அனுப்பும் டப்பா), ரிசீவர் (வாங்கும் டப்பா) ஜோடியை. ஆன்லைனில் பல பெயர்களில் கிடைக்கிறது, சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கிறது. லேபிள் மாறினாலும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். பெட்டிக்குள் சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு டப்பா, ஒவ்வொன்றிலும் இரண்டு ஆன்டெனா, இரண்டு யூஎஸ்பி பவர் கேபிள், ரிமோட்டின் அகச்சிவப்புச் சிக்னலுக்கான ஐஆர் ஒயர், ஒரு சாண் நீளத்தில் எச்டிஎம்ஐ நீட்டிப்பு. நல்ல மாடல்களில் டிரான்ஸ்மிட்டரிலேயே ‘லூப் அவுட்’ என்று இன்னொரு எச்டிஎம்ஐ துளை இருக்கும். ஹால் டிவியை அதில் சொருகிவிட்டு, அதே படத்தை உள்ரூம் டிவிக்குக் காற்றில் அனுப்பலாம். அந்தத் துளை இல்லாத மாடலை வாங்கினால் ஒரு படத்தை இரண்டாகப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டரைத் தனியாகத் தேட வேண்டிவரும்.

யாருக்கு இது தேவையே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடலாம். பார்ப்பது ஓடிடி மட்டும்தான், வீட்டில் ஃபைபர் இணைப்பும் இருக்கிறது என்றால் இரண்டாவது டிவிக்கு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும். ஸ்டிக் படத்தை நேரே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு ரூமிலிருந்து இன்னொரு ரூமுக்குப் படம் அனுப்பும் வேலையே அங்கே கிடையாது. போன் திரையை டிவியில் காட்டும் மிராகாஸ்ட்டை நம்பியும் படம் பார்க்க உட்காரக் கூடாது. பல ஓடிடி ஆப்கள் காப்புரிமைப் பூட்டு காரணமாகத் திரையைக் கறுப்பாக்கி, சத்தத்தை மட்டும் அனுப்பும்.

இந்த ஜோடி உண்மையில் உதவுவது மூன்று இடங்களில். ஒரே செட்டாப் பாக்ஸை இரண்டு டிவியில் பார்க்க நினைப்பவர்களுக்கு. ஹாலின் ஒரு மூலையில் பிளேயரும் எதிர்மூலையில் சீலிங் புரொஜெக்டரும் வைத்திருப்பவர்களுக்கு. வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கவே ஓனரிடம் கேட்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு. முதல் கூட்டத்துக்கு ஒரு எச்சரிக்கை: இரண்டு டிவியிலும் ஒரே சேனல்தான் ஓடும். மாமியார் சீரியல் பார்க்கும்போது உள்ரூமில் கிரிக்கெட் கிடைக்காது. அந்தப் பஞ்சாயத்துக்கு எந்தக் கம்பெனியும் கருவி கண்டுபிடிக்கவில்லை.

சுவர்க் கணக்கு

ரேடியோ அலையின் பலம் குறைவதை டெசிபலில் அளப்பார்கள். ஒவ்வொரு 6 டெசிபல் இழப்புக்கும் வெட்டவெளியில் எட்டும் தூரம் பாதியாகும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு. இதற்கு 12 டெசிபல் இழப்பு என்று வைத்துக்கொண்டால் 200 மீட்டர் ஒரே சுவரில் 50 ஆகிறது. இரண்டாவது சுவரில் 12 மீட்டர் சொச்சம். மூன்றாவது சுவரில் மூன்று மீட்டர். இதுவும் அக்கம்பக்கத்தில் வேறு ஒய்ஃபை எதுவுமே இல்லாத ஊரில். ஆகவே செங்கல் வீட்டில் ஒரு சுவருக்கு நம்பி வாங்கலாம். இரண்டு சுவர் என்றால் திருப்பிக் கொடுக்கும் வசதி இருந்தால் மட்டும் வாங்கலாம். மூன்றுக்கு ஆசைப்பட வேண்டாம். வேலப்பாடி, கொசப்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் இருக்கும் பருத்த சுவர்களுக்கு ஒன்றை இரண்டாக எண்ணிக்கொள்ளுங்கள்.

கீழ் வீட்டிலிருந்து மாடிக்கு என்றால் நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். சுவரைவிட இது மோசம். தளத்தை ஊடுருவ வைப்பதைவிட மாடிப்படி வழியாகப் போகவிடுவது நல்லது. டிரான்ஸ்மிட்டரைப் படிக்கட்டு வாசலைப் பார்த்தும், ரிசீவரை மாடியில் படி முடியும் இடத்தைப் பார்த்தும் வைத்தால் பல வீடுகளில் பிடித்துக்கொள்கிறது.

சுவரைவிட ஏமாற்றுவது சாமான்கள்தான். இரும்பு பீரோ, பிரிட்ஜ், ரசம் பூசிய ஆளுயரக் கண்ணாடி, மீன் தொட்டி ஆகிய நான்கில் எது நேர்கோட்டில் வந்தாலும் சிக்னல் விழும். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கிறது, தண்ணீர் குடித்துவிடுகிறது. மனித உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தான். கல்யாண மண்டபத்தில் கேமராவிலிருந்து மேடைப் பக்கத்து டிவிக்கு இதே ஜோடியை வைத்து லைவ் காட்டுகிறார்கள். முந்தின நாள் காலி மண்டபத்தில் ஓட்டிப் பார்த்தபோது கச்சிதமாக வந்த படம், முகூர்த்த நேரத்தில் சனம் எழுந்து நின்றதும் தடுமாறுவது இதனால்தான். இரண்டு டப்பாவையும் தலைக்கு மேலே, ஏழெட்டு அடி உயரத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வீட்டு ஹாலிலும் அதே விதி.

ரிசீவரை எங்கே வைப்பது

பெரும்பாலோர் செய்யும் வேலை: ரிசீவரை டிவியின் முதுகில் டபுள் டேப் போட்டு ஒட்டிவிடுவது. பார்வைக்கு அழகு, வேலைக்குக் கேடு. டிவியின் பின்பக்கத் தகடும் வால் மவுன்ட்டின் இரும்புச் சட்டமும் சேர்ந்து ஆன்டெனாவை மறைக்கின்றன. அதோடு டிவியின் சூடு. மே மாதம் வேலூரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, சுவருக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கும் இரண்டு அங்குல இடுக்கில் காற்றே இருக்காது. ரிசீவரின் வேலை, சுருக்கி வந்த படத்தை விநாடிக்கு 60 முறை விரிப்பது. அந்தச் சிப் தானாகவே நன்றாகச் சூடாகும். அறிகுறி தெளிவாக இருக்கும்: போட்டதும் ஒழுங்காக ஓடும், அரை மணி அல்லது ஒரு மணி கழித்து உறையும், அணைத்துப் போட்டால் மறுபடி கொஞ்ச நேரம் ஓடும். இதைப் பார்த்து சிக்னல் கோளாறு என்று ஆன்டெனாவைத் திருகிக்கொண்டிருப்பார்கள். டப்பாவைத் தொட்டுப் பார்த்தாலே விஷயம் புரியும்.

அந்த ஒரு சாண் நீட்டிப்புக் கேபிளைப் பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். அதைப் போட்டு ரிசீவரை டிவியின் கீழ் விளிம்புக்கு வெளியே, இரண்டு விரல் கீழே தொங்கவிடுங்கள். வெல்க்ரோ பட்டையால் ஸ்டாண்டில் கட்டினால் போதும். ஆன்டெனா இரண்டையும் ஒரே திசையில் நீட்டாமல் ஒன்றை நிமிர்த்தி, ஒன்றைச் சாய்த்து வையுங்கள்.

அடுத்தது பவர். டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்தே ரிசீவருக்குக் கரன்ட் எடுக்கலாம் என்று கையேட்டில் படம் போட்டிருக்கும். சாதாரண யூஎஸ்பி 2.0 துளை தருவது அரை ஆம்பியர். ரிசீவருக்கு 5 வோல்ட்டில் 1 ஆம்பியராவது வேண்டும், சிலவற்றுக்கு 2. போட்டதும் லோகோ வரும், இணைப்பு பிடிக்கும் நேரத்தில் மறுபடி லோகோ, மறுபடி லோகோ. இது பீஸ் கெட்டுப்போனதற்கான அடையாளம் இல்லை. 5 வோல்ட் 2 ஆம்பியர் போன் சார்ஜர் ஒன்றை மாற்றிச் சொருகினால் நின்றுவிடும். கடைக்குத் திருப்பி அனுப்பும் முன் இதைச் செய்து பாருங்கள்.

கரன்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண்ணிமை நேரத்திலும் ஜோடி ரீஸ்டார்ட் ஆகலாம். மறுபடி ஒன்றையொன்று தேடிப் பிடிக்க அரை நிமிடம்வரை எடுத்துக்கொள்ளும். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருந்தால் அதில் வையுங்கள், மாறும் நேரம் குறையும். இன்னொன்று, பல வீடுகளில் ஹால் டிவி பிளக் மட்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும், உள்ரூம் பிளக் இருக்காது. ஒரு பக்க டப்பா மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை.

தாமதம், சத்தம், ஓடும் எழுத்து

1080பி (ஃபுல் எச்டி), 60 பிரேம் படத்தைச் சுருக்காமல் அனுப்ப விநாடிக்குக் கிட்டத்தட்ட 3 கிகாபிட் வேண்டும். இந்த ஜோடிகள் அதை எச்.264 அல்லது எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் சில பத்து மெகாபிட்டுக்குள் நசுக்கி அனுப்புகின்றன. நசுக்கவும் விரிக்கவும் ஆகும் நேரம்தான் தாமதம்; இந்த வகையில் 100 முதல் 200 மில்லிசெகண்ட் சகஜம். நசுக்காமலோ கிட்டத்தட்ட தாமதமே இல்லாமலோ அனுப்பும் முறைகள் இல்லாமல் இல்லை. 60 கிகாஹெர்ட்ஸில் ஓடும் வயர்லெஸ்எச்டி 2008-லேயே வந்தது. ஒரே ரூமுக்குள், பத்து மீட்டருக்குள் வேலை செய்யும், குறுக்கே ஆள் நடந்தாலே தடைபடும். இஸ்ரேலின் அமிமோன் உருவாக்கிய சிப்கள் 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான தாமதத்தில் அனுப்பின. அந்தத் தொழில்நுட்பம் இன்று சினிமா படப்பிடிப்புத் தளத்து மானிட்டர்களில் இருக்கிறது, விலையும் சினிமா விலை. எல்ஜி 2023-ல் கொண்டுவந்த எம்3 ஓஎல்இடி டிவியில் பெட்டி தனி, திரை தனி, நடுவில் ஒயர் கிடையாது. அது டிவியோடு சேர்ந்து வருவது, இருக்கிற டிவிக்குத் தனியாக வாங்கிப் பொருத்த முடியாது.

உங்கள் ஜோடியின் தாமதத்தை அளப்பது எளிது. லேப்டாப்பில் ஆன்லைன் ஸ்டாப்வாட்ச் ஓடவிடுங்கள், லேப்டாப் திரையை டூப்ளிகேட் மோடில் ஜோடி வழியாக டிவிக்கு அனுப்புங்கள். இரண்டு திரையும் தெரியும்படி போனில் 240 பிரேம் ஸ்லோ மோஷனில் படம் எடுத்து, நிறுத்திப் பாருங்கள். இரண்டு கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் மொத்தத் தாமதம். அதில் டிவியின் சொந்தத் தாமதமும் கலந்திருக்கும். அதே சோதனையை ஒயரில் ஒருமுறை செய்து கழித்துக்கொள்ளலாம்.

கிரிக்கெட்டுக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. பக்கத்து வீட்டில் முன்கூட்டியே கத்துவது செட்டாப் பாக்ஸும் ஆப்பும் செய்யும் பல விநாடி வித்தியாசத்தால். பிளேஸ்டேஷனுக்கு மட்டும் இந்த ஜோடியை வாங்காதீர்கள். பொத்தானை அழுத்தி, கார் திரும்புவதற்குள் சுவரில் மோதியிருக்கும்.

சத்தம் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் கோட்டைவிடுவதும் இங்கேதான். படமும் சத்தமும் சேர்ந்தே ஜோடி வழியாகப் போனால் இரண்டும் ஒரே அளவு தாமதமாகும், உதட்டசைவு பொருந்தும். ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி ரிசீவரை (ஜோடியின் ரிசீவர் அல்ல, ஆம்ப்ளிஃபயர்) பிளேயர் பக்கம் வைத்து, சத்தத்தை அங்கேயே பிரித்து ஸ்பீக்கருக்குக் கொடுத்து, படத்தை மட்டும் புரொஜெக்டருக்குக் காற்றில் அனுப்பினால் சத்தம் முந்திக்கொள்ளும். அதற்கு ஏவி ரிசீவர் மெனுவில் ‘லிப் சிங்க்’ அல்லது ‘ஆடியோ டிலே’ என்று ஒன்று இருக்கும். மேலே அளந்த எண்ணை அதில் போடுங்கள். சத்தத்தைப் பின்தள்ள அந்த மெனுவால் முடியும், முன்தள்ள முடியாது. புளூடூத் ஸ்பீக்கர் போன்ற, தானே தாமதமாகும் பொருளை டிவி பக்கம் போட்டால் சரிசெய்ய வழியில்லாமல் நிற்பீர்கள்.

ஜோடிகளில் பெரும்பாலானவை இரண்டு சேனல் ஸ்டீரியோ மட்டுமே கடத்தும். அட்மாஸ், 5.1 போன்ற பல ஸ்பீக்கர் சத்தம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பெட்டியில் 4கே என்று போட்டிருந்தாலும், பல மாடல்கள் 4கேயை 30 பிரேமில் வாங்கி, 1080பியாகக் குறைத்துத்தான் அனுப்பும். விவரப் பட்டியலில் ‘அவுட்புட்’ என்ற வரியைப் பாருங்கள், முகப்பு எழுத்தைப் பார்க்காதீர்கள்.

படத்தின் தரம் எப்படி? பகல் வெளிச்சக் காட்சிகளில் ஒயருக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. இருட்டுக் காட்சிகளில், மங்கலான சுவரோ இரவு வானமோ வரும்போது, பட்டை பட்டையாகத் தெரியும். தேர்த் திருவிழாக் கூட்டம், மைதானப் புல் மாதிரி திரை முழுக்க அசைவு இருக்கும் இடத்தில் மசமசக்கும். 43 அங்குல டிவியில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. 100 அங்குல புரொஜெக்டர் திரையில் கண்ணை உறுத்தும்.

செய்தி சேனல் பார்ப்பவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. நம் டிடிஎச் எச்டி சேனல்கள் 50 ஹெர்ட்ஸில், 1080 இன்டர்லேஸ்டு (ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் படத்தை அனுப்பும்) முறையில் வருபவை. சில ஜோடிகள் அதை 60 பிரேமுக்கு மாற்றி அனுப்பும். கீழே ஓடும் எழுத்து நொண்டி நொண்டி நகரும். செட்டாப் பாக்ஸ் மெனுவில் ரெசல்யூஷனை 1080பி 50 அல்லது 720பி 50 என்று மாற்றிப் பாருங்கள். அப்படியும் நொண்டினால் அந்த மாடலின் குணமே அது, திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆடியோவை அதே மெனுவில் பிசிஎம் (சுருக்காத சத்தம்) என்று வைத்துவிடுங்கள். டால்பி என்று விட்டால் சில ஜோடிகளில் படம் வந்து சத்தம் வராது.

கறுப்புத் திரையும் நெரிசலும்

பொருத்தியதும் கறுப்புத் திரை வந்தால் பயப்பட வேண்டாம். முதலில் டிவி, சரியான எச்டிஎம்ஐ உள்ளீடு, பிறகு ரிசீவர், பிறகு டிரான்ஸ்மிட்டர், கடைசியில் செட்டாப் பாக்ஸ் அல்லது ஸ்டிக். இந்த வரிசையில் ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். எச்டிசிபி என்ற காப்புப் பூட்டு ஒவ்வொரு கருவியும் அடுத்ததிடம் கைகுலுக்கிய பிறகே படத்தை விடும். 4கே ஸ்டிக் எச்டிசிபி 2.2 கேட்கும், ஜோடிக்கு 1.4 மட்டுமே தெரியும் என்றால் கறுப்போ பிழைச் செய்தியோதான் வரும். ஸ்டிக்கை முதலில் நேரே டிவியில் சொருகி, அமைப்பில் 1080பி என்று நிரந்தரமாக வைத்துவிட்டு, பிறகு டிரான்ஸ்மிட்டருக்கு மாற்றுங்கள்.

சிஎம்சி மருத்துவமனை சுற்றுவட்டாரத்தில், பாபு ராவ் தெரு போன்ற லாட்ஜ் நெருக்கத்தில் இருப்பவர்களுக்கு நெரிசல்தான் முதல் எதிரி. போனில் ஒரு ஒய்ஃபை அனலைசர் ஆப் போட்டு 5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தைப் பாருங்கள். ஜோடி பொதுவாக 36 முதல் 48 வரையிலான ஒய்ஃபை அலைவரிசைச் சேனல்களிலோ 149 முதல் 161 வரையிலோ இயங்கும். இரண்டு பட்டையும் நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியவை. ஜோடியின் சேனலை மாற்ற எல்லா மாடலிலும் வழி இருக்காது. ஆனால் உங்கள் ரவுட்டரின் சேனலை நீங்கள் மாற்றலாம். ஜோடி 149-ல் இருந்தால் ரவுட்டரை 36-க்குத் தள்ளுங்கள். ரவுட்டரையும் டிரான்ஸ்மிட்டரையும் ஒரே ஷெல்பில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும்.

உள்ரூமிலிருந்தே ரிமோட்டை இயக்க, ஐஆர் ஒயரின் முனையை செட்டாப் பாக்ஸின் ரிமோட் கண்ணுக்கு நேரே, ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். கண் எங்கே என்று தெரியாவிட்டால் டார்ச் அடித்துப் பாருங்கள், கறுப்பு பிளாஸ்டிக்குப் பின்னால் மணி மாதிரி தெரியும். ரேடியோ ரிமோட்டும் புளூடூத் ரிமோட்டும் இதில் வேலை செய்யாது. குரல் ரிமோட்டோடு வரும் பெட்டிகளில் இதைக் கவனியுங்கள்.

சொந்த வீடு, சுவருக்குள் புதைத்த கன்சீல்டு பைப்பு ஓடுகிறது, ஆள் வைத்து இழுக்க முடியும் என்றால், இவ்வளவுக்கும் பிறகு, ஒயர்தான் எங்கள் பரிந்துரை. முக்கால் அங்குல பைப்பில் எச்டிஎம்ஐ தலை வளைவுகளைத் தாண்டிப் போகாது. இரண்டு வழி உண்டு. தலை கழன்று வரும் ஆப்டிகல் (ஒளியிழை) எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று; 4கே 60 பிரேமை 15, 20 மீட்டர் தாராளமாகக் கடத்தும், ஆனால் அதற்குத் திசை உண்டு. ‘சோர்ஸ்’ முனை பிளேயர் பக்கம், ‘டிஸ்ப்ளே’ முனை டிவி பக்கம். பைப்புக்குள் இழுத்து முடித்தபின் மாறிப்போனது தெரிந்தால் மறுபடி முழுக்க உருவ வேண்டியதுதான்.

இன்னொன்று கேட்6 என்ற நெட்வொர்க் கேபிள் இழுத்து, இரு முனையிலும் எச்டிஎம்ஐ சிக்னலை அதில் கடத்தும் எக்ஸ்டெண்டர் பெட்டி வைப்பது. 1080பிக்கு இதுவே மலிவு, 50 மீட்டர்வரை பிரச்சினை இல்லை. ஆனால் சுத்தச் செம்புக் கேபிளாக இருக்க வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினியத்தை அதே கேட்6 பெயரில் பாதி விலைக்குத் தருவார்கள். அதில் படம் மினுக்கும், சில நாளில் தலையை அழுத்திப் பொருத்திய (கிரிம்ப் செய்த) இடத்தில் உடையும். கடையிலேயே ஒரு நரம்பைப் பிரித்து, கட்டரால் நறுக்கி, வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக மின்னினால் அந்தச் சுருளை வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.